ஒரே கேள்வியை ஆறு குழுவில் போட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்

#1 தூசிதட்டி

சண்டை போட வரவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று எனக்கே முழுதாகப் பிடிபடவில்லை, அதனால் கேட்கிறேன்.

அப்பா கணினியில் அடித்து வைத்துவிட்டுப் போன 140 கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் போட்டு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்தாக்கினேன். எழுத்து வந்தது, ஆனால் இடம் மாறி வந்தது. 'கொடி' என்று இருக்க வேண்டியது 'ெகாடி' என்று நிற்கிறது. 'மௌனம்' போய் 'ெமளனம்' ஆகிவிட்டது.

பத்து வரியில் கேள்வியை எழுதி, எழுத்துருக் குழு, நிரலாளர் குழு, மின்னூல் குழு, மெய்ப்புப் பார்ப்பவர்கள் குழு, இன்னும் இரண்டு என்று ஆறு இடத்தில் ஒட்டினேன். பத்து நிமிட வேலை. ஒரு குழுவில் நீக்கிவிட்டார்கள். மூன்றில் யாருமே எட்டிப் பார்க்கவில்லை. எழுத்துருக் குழுவில் அரை மணியில் ஒருவர் வழி சொன்னார், நன்றி சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் நிரலாளர் குழுவைத் திறந்தால் ஒருவர் நள்ளிரவு வரை உட்கார்ந்து எனக்காக நிரல் எழுதியிருக்கிறார். எனக்கு ஏற்கெனவே பதில் கிடைத்துவிட்டதை அப்புறம்தான் வேறு குழுவில் பார்த்திருக்கிறார். "அடுத்தவன் தூக்கம் என்ன உனக்குத் தெருவில் கிடக்கிறதா" என்று ஒரு வரி. அதற்குக் கீழே நாற்பது பேர் வரிசையில் நின்று சாத்தியிருக்கிறார்கள்.

ஆறு குழுவிலும் இருப்பவர்கள் வேறு வேறு ஆட்கள்தானே? ஆறு இடத்தில் கேட்பது அவ்வளவு பெரிய குற்றமா?


#2 கடைசிபெஞ்சு

இந்தக் கேள்வியையும் ஆறு இடத்தில் போட்டிருக்கிறீர்களா?


#3 தூசிதட்டி

இல்லை, இங்கே மட்டும்தான். இப்போது பயம் வந்துவிட்டது.


#4 பழம்பெருச்சாளி

இந்தச் சண்டைக்கு வயது நாற்பதுக்கு மேல். 1980இல் தொடங்கிய யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழு வலையமைப்பில் இதற்கு இரண்டு தனிப் பெயர்களே இருந்தன. ஒரே மடலின் தலைப்பகுதியில் மூன்று குழுக்களின் பெயரையும் காற்புள்ளி போட்டு எழுதி ஒரு தடவை அனுப்பினால் அது கிராஸ்போஸ்ட். அதே மடலை மூன்று குழுவுக்கும் தனித்தனியாக மூன்று தடவை அனுப்பினால் மல்டிபோஸ்ட். கேட்பதற்கு ஒன்று போலத்தான் இருக்கும். நடப்பது வேறு.

கிராஸ்போஸ்ட் என்றால் சர்வரில் இருப்பது ஒரே பிரதி. ஒரு குழுவில் படித்துவிட்டால், ஒழுங்கான வாசிப்பு மென்பொருள் அடுத்த குழுவில் அதை மறுபடி உங்கள் கண்ணில் காட்டாது. எந்தக் குழுவில் யார் பதில் போட்டாலும் மூன்று குழுவிலும் தெரியும். பேச்சு சிதறக் கூடாது என்றால் 'ஃபாலோஅப்-டு' என்று இன்னொரு வரி உண்டு. இனி மறுமொழி எல்லாம் இந்த ஒரு குழுவுக்குப் போகட்டும் என்று கேட்டவரே சொல்லிவிடலாம். மல்டிபோஸ்ட்டில் இது எதுவும் கிடையாது. மூன்று அறை, மூன்று பேச்சு, நடுவில் சுவர்.

1994 ஏப்ரலில் இரண்டு வழக்கறிஞர்கள் அமெரிக்க கிரீன் கார்டு லாட்டரிக்கு விளம்பரம் போட்டார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக. எந்தக் குழுவைத் திறந்தாலும் அதே மடல். படித்தாகிவிட்டது என்று மென்பொருளுக்குத் தெரிய வழியே இல்லை. அப்போது எழுந்த கோபத்தின் மிச்சம்தான் நேற்று உங்கள் மேல் விழுந்தது என்பேன்.

அதற்கு அப்புறம் 'ப்ரைட்பார்ட் குறியீடு' என்று ஒரு கணக்கு வந்தது. ஒவ்வொரு மடலும் எத்தனை குழுவுக்குப் போனதோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒன்பது குழுவுக்கு ஒரே மடலாகப் போனால் 3. ஒன்பதுக்கும் தனித்தனியாகப் போனால் 9. 45 நாளுக்குள் 20ஐத் தாண்டினால் ஸ்பேம் என்று துடைத்தெறியலாம் என்று வைத்திருந்தார்கள். உங்கள் கணக்கு 6. தண்டனைக்குரியது இல்லை.

ஆனால் ஒன்று. இன்றைக்கு உங்கள் ஆறு குழுவும் ஆறு வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஒரே பிரதி என்பதற்கே வழியில்லை. எது செய்தாலும் மல்டிபோஸ்ட்தான். அன்று மென்பொருள் தானாகச் செய்த வேலையை, அதாவது அங்கே வந்த பதிலை இங்கே காட்டுவதை, கேட்டவர்தான் கையால் செய்ய வேண்டும். நீங்கள் ஆறு இடத்தில் கேட்டதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் பதில் கிடைத்ததும் மற்ற ஐந்தையும் மறந்துவிட்டுப் படுத்தீர்களே, அங்கேதான் இடறல்.


#5 நடுச்சாமம்

வேறொரு குழுவில் மட்டுறுத்துகிறேன். உங்கள் கேள்வியை நீக்கியது நானில்லை, ஆனால் நானாக இருந்தாலும் நீக்கியிருப்பேன். கோபப்படாமல் கேளுங்கள்.

தினமும் இந்த மாதிரிப் பதிவுகளைப் பார்க்கிறவனுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். போன வாரம் ஒன்று வந்தது. "மேலே பின் செய்து நிலையாக வைத்திருக்கும் பதிவில் சொன்னபடி எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்" என்று தொடங்குகிறது. எங்கள் குழுவில் பின் செய்த பதிவே கிடையாது. இன்னொருவர் "நம் குழுவின் ஐந்தாம் ஆண்டு விழாவை ஒட்டி" என்று எழுதியிருந்தார். எங்களுக்கு வயது எட்டு மாதம். எங்கோ எழுதியதை அப்படியே தூக்கி வந்து கொட்டியிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் உறைமேல் பெயரைக்கூட மாற்றாமல் கொடுப்பது மாதிரி.

எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை. போட்டவர் திரும்பி வருகிறாரா என்று பார்ப்பேன். ஒரு மணி நேரத்தில் "எந்த மாற்றி, எந்தப் பதிப்பு?" என்று ஒருவர் கேட்டிருப்பார். கேள்வி கேட்டவர் பேச்சே காணோம், ஏனென்றால் அவர் வேறு ஏதோ ஒரு குழுவில் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த மாதிரிப் பதிவு குழுவில் பத்து கிடந்தால் பதினோராவது கேள்விக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள். உதவி செய்கிறவர்களின் ஆர்வம் பெரிய ஊற்று ஒன்றும் இல்லை.

ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் (Stack Exchange) என்ற கேள்வி-பதில் தளங்களில் ஒரே கேள்வியைப் பல தளத்தில் கேட்காதே, பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடு என்பார்கள். தவறான தளத்தில் கேட்டுவிட்டால், பொருத்தமான தளத்துக்கு மட்டுறுத்துநர்கள் பதில்களோடு சேர்த்து மாற்றிவிட முடியும். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால் அது சாத்தியம். நமக்கு அந்த வசதி இல்லை.


#6 குறுக்குச்சந்து

> ஒரே கேள்வியைப் பல தளத்தில் கேட்காதே

எப்போதும் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் வசதியாகச் சொல்லும் அறிவுரை இது.

என் கேள்வி ஒன்று ஒரு குழுவில் ஒன்பது நாள் அநாதையாகக் கிடந்தது. இருபதாயிரம் பேர் இருக்கும் குழு. அதில் எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பது அந்தத் தளத்தின் இயந்திரத்துக்குத்தான் வெளிச்சம். முதல் பத்து நிமிடத்தில் நாலு பேர் விருப்பக்குறி போடாவிட்டால் பதிவு மண்ணுக்குள் போய்விடுகிறது. "பொறுமையாகக் காத்திரு" என்றால் எதற்காகக் காத்திருப்பது? புதைந்தது முளைக்குமா?

இன்னொன்று. இந்த அம்மாவின் சிக்கலைப் பாருங்கள். எழுத்துரு தெரிந்தவருக்கு நிரல் தெரியாது. நிரல் எழுதுகிறவருக்குப் பாமினியில் எந்த விசையில் எந்த எழுத்து என்று தெரியாது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்தால் அவர் ஏன் கேள்வி கேட்கப் போகிறார்? தெரியாததால்தான் ஆறையும் தட்டினார்.


#7 ஒற்றெழுத்து

அந்த நள்ளிரவு ஆள் நான்தான்.

முதலில், "தூக்கம் தெருவில் கிடக்கிறதா" என்று எழுதியிருக்கக் கூடாது. இரண்டு மணிக்கு எழுதியது. மன்னிக்கவும். அதற்குக் கீழே நாற்பது பேர் எழுதியதற்கு நான் பொறுப்பில்லை, ஆனால் அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது நான்தான்.

இனி என் பக்கம். தூக்கம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கப்பட்டிருக்கும். 'கொ' என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். நல்ல மாற்றி இந்த வரிசையைத் திருப்பிவிடும். உங்களுக்குக் கிடைத்தது சும்மா எழுத்துக்கு எழுத்து மாற்றிவிட்டுப் போய்விட்டது. அதனால்தான் 'ெகாடி'. இதைத் திருப்புவது சுலபம். எழுத்துருக் குழுவில் சொன்ன வழியும் இதுவரை சரி.

சிக்கல் ஔகாரத்தில். பாமினியில் 'மௌ' அடிக்க ஒற்றைக் கொம்பு, ம, அப்புறம் சாதாரண ள. ஔகாரக் குறிக்குத் தனி விசை இல்லை, ள எழுத்தே அந்த வேலையையும் செய்யும். வரிசையைத் திருப்பினால் 'மெளனம்' என்று வரும். கண்ணுக்கு மௌனம் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது மெ, ள, ன, ம். தேடினால் கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினால் வேறு இடத்தில் போய் உட்காரும்.

எழுத்துருக் குழுவில் உங்களுக்குச் சொன்ன தீர்வு, 'ெள' என்று இருக்கும் இடத்தை எல்லாம் 'ௌ' என்று மாற்று என்பது. மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் அப்பாவின் கோப்பில் 'வெள்ளம்' என்று தேடிப் பாருங்கள். 'வௌ்ளம்' ஆகியிருக்கும். 'தெளிவு' 'தௌிவு' ஆகியிருக்கும். வெளி, வெள்ளி, கெளுத்தி எல்லாம் போச்சு.

நான் பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்தது இதற்குத்தான். ள எழுத்துக்கு அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே, ஒன்றும் இல்லாமல் மொட்டையாக நின்றால் மட்டும் ஔகாரம் என்று எடுத்துக்கொள். இது ஒரு வரி விதி. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் மூன்று மணி நேரம்.

எழுத்துருக் குழுவில் அந்தப் பதில் வந்த விவரம் எனக்குத் தெரிந்திருந்தால், முதல் பாதியைத் திரும்பச் செய்திருக்க மாட்டேன். அவருக்கு என் குழுவில் நடந்தது தெரிந்திருந்தால் அந்தத் தவறான மாற்றத்தைச் சொல்லியிருக்க மாட்டார். கேள்வியின் அடியில் "இன்னின்ன இடத்திலும் கேட்டிருக்கிறேன்" என்று ஒரு வரி, சுட்டியோடு. அது ஒன்று இருந்திருந்தால் போதும்.


#8 தூசிதட்டி

கை நடுங்குகிறது. இப்போதுதான் தேடிப் பார்த்தேன். 140 கோப்பிலும் வெள்ளம் உடைந்து கிடக்கிறது. அப்பா ஆற்றைப் பற்றி நிறைய எழுதுவார்.

மாற்றாத பிரதி தனியாக இருக்கிறது, அதனால் பிழைத்தேன். உங்கள் நிரலை ஓட்டப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால். காலையில் உங்கள் நிரலை எடுத்து மின்னூல் குழுவில் ஒட்டினேன். அங்கேயும் இதே சிக்கலோடு ஒருவர் இருந்தார். "நண்பர் ஒருவர் எழுதித் தந்தது" என்று போட்டேன். உங்கள் பெயரைப் போட்டால் நீங்கள் இன்னும் கோபப்படுவீர்களோ என்று நினைத்துவிட்டேன்.


#9 ஒற்றெழுத்து

நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெயர்கூட வேண்டாம். ஆனால் சுட்டி வேண்டும். அதில் ஒரு பிழை இருந்து நாளைக்கு நான் திருத்தினால், மின்னூல் குழுவில் இருக்கும் பிரதிக்கு யார் போய்ச் சொல்வது? உண்மையில் ஒரு பிழை இருக்கிறது. இன்று காலைதான் திருத்தினேன்.


#10 நாலுவரி

நான் கதை எழுதுகிறவள். கேள்வி கேட்பவர்களின் நியாயம் வேறு, எழுதியதைப் படிக்கக் கொடுப்பவர்களின் நியாயம் வேறு என்று நினைக்கிறேன். கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தால் போதும். கதைக்கு எத்தனை வாசகர் கிடைத்தாலும் போதாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரே கதையை எட்டு குழுவில் போட்டிருக்கிறேன்.

என்ன ஆகும் தெரியுமா? எட்டுக் குழுவிலும் இருப்பது பாதிக்குமேல் அதே ஆட்கள்தான். தமிழில் எழுதிப் படிக்கும் கூட்டம் அவ்வளவு பெரிதில்லை. நமக்கு எட்டுக் குழு, படிக்கிறவருக்கு எட்டுத் தடவை. ஒரு வாசகி தனிமடலில் எழுதினார்: "கதை நன்றாக இருந்தது. ஆனால் ஐந்தாவது தடவை வந்தபோது வெறுப்பாக இருந்தது." அந்த மடல் என்னை அடித்துப் போட்டுவிட்டது.

இப்போது கதை முழுதாக என் வலைப்பதிவில் மட்டும். ஒரு நாளைக்கு ஒரு குழு, அந்தக் குழுவுக்கு என்று புதிதாக நாலு வரி எழுதி, அடியில் சுட்டி. மீள்பதிவு என்றால் தலைப்பிலேயே மீள்பதிவு என்று போட்டுவிடுவேன். பழைய பதிவர்களிடம் இருந்த நல்ல பழக்கம் அது. முழுக்கதையையும் வேறு தளம் எடுத்துப் போட்டால், பக்கத்தின் உள்ளே 'கனானிக்கல்' என்ற குறியைப் போடச் சொல்வேன். மூலம் எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. 2009இல் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது. இல்லாவிட்டால் என் கதையைத் தேடினால் முதலில் வருவது எடுத்துப் போட்டவரின் பக்கம்.

வெறும் சுட்டியை மட்டும் வீசிவிட்டுப் போவதும் தப்புதான். "சுட்டியைத் தட்டிப் படிக்கவும்" என்பது வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் கூப்பிடுகிற மாதிரி.


#11 நடுச்சாமம்

> அந்தக் குழுவுக்கு என்று புதிதாக நாலு வரி எழுதி

இது ஒன்றைச் செய்தால் என் குழுவில் எதையும் நீக்க மாட்டேன். அந்த நாலு வரியை எழுதும்போதே பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், இந்தக் குழுவுக்கு இது தேவையில்லை என்று.


#12 மின்மினி

எல்லாரும் குழு, தளம் என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடப்பது வாட்ஸ்அப். ஒரே செய்தி குடும்பக் குழு, பள்ளித்தோழர் குழு, அலுவலகக் குழு, அடுக்ககக் குழு எல்லாவற்றிலும் வரும். நான்கிலும் நான் இருப்பேன். காலை வணக்கம் நான்கு தடவை.

அது போகட்டும். ரத்தம் தேவை என்று ஒரு செய்தி வந்தது. தட்டணு (பிளேட்லெட்) வேண்டும், அவசரம், எண் கொடுத்திருந்தது. கூப்பிட்டேன். எடுத்தவர் குரலே இல்லாமல் "அது முடிந்து இரண்டு வருஷம் ஆச்சுங்க" என்றார். "இன்னும் தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள்" என்றார். முடிந்தது என்றால் எப்படி முடிந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. செய்தியில் தேதி இல்லை. 'அவசரம்' மட்டும் இருந்தது. எடுத்த தட்டணுவைப் பொதுவாக ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். அந்தச் செய்திக்கு இரண்டு வருஷ ஆயுள்.

அன்றிலிருந்து ஒன்று மட்டும் செய்கிறேன். இந்த மாதிரி எதையும் அனுப்புவதற்கு முன் அந்த எண்ணைக் கூப்பிடுவேன். இன்னும் வேண்டும் என்றால் "இன்று இத்தனை மணிக்குப் பேசினேன்" என்று சேர்த்து அனுப்புவேன். தேவை தீர்ந்ததும், அனுப்பிய குழுக்களில் எல்லாம் போய் அழித்துவிட்டு "கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று போடுவேன். எங்கெல்லாம் அனுப்பினேன் என்று நினைவு வைத்துக்கொள்ளும் அளவுக்கு மேல் அனுப்புவதில்லை.


#13 பழம்பெருச்சாளி

மின்மினி சொன்ன கடைசி வரியை எடுத்துக்கொள்கிறேன். நான் தேடிக்கொண்டிருந்த அளவுகோல் அது. ப்ரைட்பார்ட் கணக்கைவிட எளிது.

வாட்ஸ்அப் இதைக் கருவிக்குள்ளேயே கொண்டுவரப் பார்த்தது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து உரையாடலுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று ஆக்கினார்கள், 2019 ஜனவரியில் உலகம் முழுக்க. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். இரட்டை அம்புக்குறி அதற்குத்தான். ஆனால் 'ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று காட்டுமே தவிர, யார் முதலில் எழுதியது என்று காட்டாது. நகலெடுத்து ஒட்டினால் அந்த அடையாளமும் போய்விடும், சொந்தமாக எழுதியது போலவே நிற்கும். டெலிகிராமில் ஃபார்வர்டு செய்தால், மறைத்து வைக்காத வரை மூல அலைவரிசையின் பெயர் கூடவே வரும். ரெடிட்டில் கிராஸ்போஸ்ட் செய்தால் மூலப் பதிவே ஒரு பெட்டிக்குள் தெரியும். கருவி பாதி, மனிதர் பாதி.


#14 அரைக்கதவு

யாரும் தொடாத ஒன்று. பூட்டிய குழுவிலிருந்து எடுப்பது.

முந்நூறு பேர் மட்டும் இருக்கும் ஒரு குழுவில், தூக்கமின்மைக்கு மாத்திரை எடுப்பது பற்றி எழுதியிருந்தேன். பெயர் வைத்துத்தான் எழுதினேன், தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கையில். ஒருவர் "பலருக்கும் பயன்படும்" என்று அதை அப்படியே இருபதாயிரம் பேர் இருக்கும் பொதுக்குழுவில் போட்டுவிட்டார். என் பெயரோடு. கேட்டால் "உங்களுக்கு உரிய பெயரைக் கொடுத்துத்தானே போட்டேன்" என்கிறார்!

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் கொடுமை. பெயர் போடுவது ஒரு நாகரிகம், கேட்டுவிட்டு எடுப்பது இன்னொரு நாகரிகம். ஒன்றைச் செய்தால் மற்றதற்குக் கணக்கு நேராகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்.


#15 குறுக்குச்சந்து

அரைக்கதவு, அது பகிர்தலே இல்லை, வீட்டுக்குள் கேட்டதை வெளியே போய்ச் சொல்வது. நீக்கச் சொல்லிக் கேட்டீர்களா?


#16 அரைக்கதவு

கேட்டேன். நீக்கினார். அதற்குள் அங்கிருந்து எடுத்து வேறு மூன்று இடத்தில் போட்டிருந்தார்கள். அவர்களும் பெயரோடுதான்.


#17 கடைசிபெஞ்சு

நான் ஒரு தடவை ஒரு நகைச்சுவைத் துணுக்கை எழுதி ஒரே ஒரு குழுவில் போட்டேன். மூன்று மாதம் கழித்து என் மாமா அதை எனக்கே அனுப்பி, "இதைப் படித்தாவது நகைச்சுவை என்றால் என்ன என்று கற்றுக்கொள்" என்று எழுதினார். நான் எழுதியது என்று சொன்னேன். நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.


#18 நடுச்சாமம்

சிரித்துவிட்டேன். சரி, தூசிதட்டி கேட்ட கேள்விக்கு வருவோம், அவருக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

எங்கள் குழுவில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதலில் ஒரு இடம். சிக்கலுக்கு மிக அருகில் இருக்கும் குழு எது என்று பாருங்கள், உங்கள் விஷயத்தில் எழுத்துருக் குழு. இரண்டு மூன்று நாள் விடுங்கள். பதில் இல்லை என்றால் அடுத்த குழுவுக்குப் போங்கள், முதல் குழுவில் கேட்ட சுட்டியோடு, அங்கே என்ன சொன்னார்கள் என்பதோடு. அவசரம் என்றால் ஒரே நாளில் இரண்டு மூன்று இடத்தில் கேட்கலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் மற்றவற்றின் சுட்டி இருக்க வேண்டும். பதில் கிடைத்த உடனே எல்லாவற்றிலும் போய் எழுத வேண்டும். "கிடைத்துவிட்டது, நன்றி" என்பது போதாது. என்ன பதில் என்று எழுத வேண்டும். அடுத்த வருஷம் இதே சிக்கலோடு வருபவர் அந்த வரியைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.


#19 குறுக்குச்சந்து

இரண்டு மூன்று நாள் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சுட்டி போடுவதை ஒத்துக்கொள்கிறேன். சுட்டி இருந்தால் நாள் கணக்கு எதற்கு? ஒற்றெழுத்து கேட்டதும் சுட்டிதானே, பொறுமை இல்லையே.


#20 ஒற்றெழுத்து

ஆமாம். நான் பொறுமை கேட்கவில்லை.


#21 பழம்பெருச்சாளி

1995இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிகக் கையேட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட மடற்குழுவுக்கு அனுப்பினால் அதற்கு மன்னிப்புக் கேள் என்று இருக்கிறது. இன்றும் மாநாட்டு அறிவிப்புகளின் தலையில் "பல தடவை வந்திருந்தால் மன்னிக்கவும்" என்று வருமே, அந்த வழக்கம்தான். எனக்கு அந்த வரியைக் கண்டாலே எரிச்சல். காலை மிதிக்கும்போதே மன்னிப்புக் கேட்பது என்ன பழக்கம்? அதே இடத்தில் "இந்த நான்கு குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று பெயரைப் போட்டால் எனக்கு உபயோகம்.

அதே கையேட்டில் இன்னொன்றும் உண்டு. ஒரு குழுவில் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் சும்மா படி என்கிறது. இன்று இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஒரு மாலை படித்தால்கூடப் போதும்.


#22 தூசிதட்டி

இரண்டு நாள் கழித்து வருகிறேன். நிரல் ஓடிவிட்டது, திருத்திய பிரதிதான். வெள்ளம் வெள்ளமாகவே இருக்கிறது. மௌனம் தேடினால் கிடைக்கிறது.

நீங்கள் சொன்னபடி ஆறு குழுவுக்கும் போய் விடையை எழுதினேன். என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆறிலும் ஒரே விடையைச் சுட்டிகளோடு பத்து நிமிடத்தில் ஒட்டியதால், ஒரு தளத்தின் இயந்திரம் என்னை ஸ்பேம் என்று பிடித்துப் போட்டுவிட்டது. கேள்வியை ஒட்டியபோது விட்டுவிட்டது, விடையை ஒட்டும்போது பிடிக்கிறது! மட்டுறுத்துநருக்கு எழுதி, அவர் விடுவித்தார். நீக்கிய குழுவில் கேள்வியே இல்லாததால் விடையை எங்கே போடுவது என்று தெரியவில்லை, அவர்களிடம் கேட்டதற்குப் புதிதாக ஒரு பதிவு போடச் சொன்னார்கள். போட்டேன், அந்தக் குழுவுக்கு என்று நாலு வரியோடு.

எழுத்துருக் குழுவில் எனக்கு வழி சொன்னவரிடம், அவர் சொன்னதில் எந்த இடம் பிசகியது என்று எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். எல்லார் முன்னாலும் எழுதாமல் தனிமடலில் சொன்னேன். அவரே கெளரவமாகத் தன் பதிலின் கீழே திருத்தம் போட்டு, ஒற்றெழுத்து எழுதிய நிரலுக்குச் சுட்டியும் கொடுத்துவிட்டார். மின்னூல் குழுவில் 'நண்பர் ஒருவர்' என்பதை எடுத்துவிட்டுச் சுட்டி போட்டாயிற்று.

யாருமே எட்டிப் பார்க்காத அந்த மூன்று குழுவில் ஒன்றில், விடையைப் போட்ட அன்றே ஒருவர் "இதைத்தான் ஆறு மாதமாகத் தேடுகிறேன்" என்று எழுதியிருக்கிறார்.


#23 ஒற்றெழுத்து

சந்தோஷம். உங்கள் பதிவின் மூன்றாவது பத்தியில் 'கெளரவமாக' என்று இருக்கிறது. நகலெடுத்து என் நிரலில் போட்டுப் பார்த்தேன், திருத்துகிறது.